இரகுநாதன் ஐயா திரும்பி வரும் வரை

தெமோதரை,
2.1.2025

அன்பின் மயூ,

நலமா இருக்கிறாயா? போனில் பேசலாம் என்றால் இந்த மேட்டில் சிக்னல் பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் தாளில் எழுதி, பஸ் நிற்கும் இடம் வரை இறங்கிப் போய்ப் படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நானும் ஒரு டீச்சர்தான்!

பதுளையில் ஒரே வாங்கில் இருந்து படித்த உரிமையில் ஓர் உதவி கேட்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. தீபாவளிக்கு விரல் நுழைந்த இடத்தில் இப்போது காலே நுழைகிறது. அளக்க வந்தவர்கள் இங்கே ஒருவரும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் வெளியேறச் சொல்லும் கடிதத்தில் பதுளையில் இதற்குப் பொறுப்பான அதிகாரி இரகுநாதன் ஐயா கையெழுத்து வைக்க வேண்டும். அவரோ மலைப் பாதுகாப்பைப் பார்த்துப் படித்து வர ஒரு குழுவோடு உன் ஆஸ்திரியாவுக்குப் புறப்பட்டுவிட்டார். திரும்பி வந்து பார்க்கிறாராம்.

கடிதம் இல்லாமலே போனால் என்ன என்று கேட்பாய். போன வருஷம் கீழ்ப்பிரிவில் மழைக்குப் பயந்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்களின் லயத்துக் காம்பரா வீட்டைத் தோட்ட நிர்வாகம் பூட்டி வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டது. அப்பாவிடம் சொன்னால், "கடுதாசி வரட்டும்மா, கால் தானா நடக்கும். அதுக்கு முந்தி எறங்குனா பொறவு ஏற முடியாது" என்கிறார். அப்பா சொன்னால் லயமே கேட்கும். அவரே இப்படி.

வருகிற அதிகாரிகளைக் கவனிப்பது உன் வேலைதானே. ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லு. பதுளையில் இருக்கும் யாரையாவது தனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கச் சொன்னால் போதும்.

உன்,
ஜெயந்தினி

*

இன்ஸ்புருக்,
5.1.2025

என் ஜெயாக் குஞ்சுக்கு,

உன் கடிதம் கண்டதும் எனக்குப் பதுளைக் குளிரே அடித்தது. வாசித்து முடித்தபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது. மலை வெடிக்கிறது என்று இவ்வளவு சாதாரணமாக எழுத உன்னால்தான் முடியும்.

ஓமடி, ஐயாவின் குழு என் பொறுப்பில்தான் வந்திருக்கிறது. எங்கள் கம்பனிக்கு வேலையே இதுதான். வெளிநாட்டு அதிகாரிகள் வந்து இறங்குவதிலிருந்து திரும்ப ஏறும் வரை அவர்கள் காலில் தூசி படக் கூடாது. ஒவ்வொருவருக்கும் என்ன இரத்த வகை, என்ன மருந்து, எந்த ஆஸ்பத்திரி கிட்ட என்பதெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் போகும் பாதையில் நாங்கள் முதல் நாளே வெறும் வாகனத்தில் ஒருமுறை போய் வருவோம். அந்தப் பாதை அடைபட்டால் போக இன்னொரு பாதை. வழுக்காத சப்பாத்து. மரக்கறிச் சாப்பாடு. ஐயா நேற்று "தோசை கிடைக்காதோ பிள்ளை?" என்று கேட்டார். அதற்கும் ஆள் பிடித்தேன்!

ஆனால் எங்கள் சொந்தக் காரியங்களை விருந்தாளிகளிடம் கதைக்கக் கூடாது என்பது கடும் சட்டம். இன்று பஸ்ஸில் ஐயாவுக்குப் பின் இருக்கையில் இருந்தேன். வாய் வரை வந்தது, கேட்கவில்லை. எனக்கே வெட்கமாக இருக்கிறது. நாளை கட்டாயம் கேட்பேன்.

அன்புடன்,
மயூரி

*

தெமோதரை,
9.1.2025

அன்பின் மயூ,

உன் நாளை எப்போது வரும்? இங்கே விடாமல் மழை. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் எங்கள் குசினி வரைக்கும் கேட்கிறது. அம்மா அடுப்பை முன்பக்கம் மாற்றிவிட்டாள். அது மட்டும்தான் எங்களுடைய பாதுகாப்பு ஏற்பாடு.

ஐயாவுக்குத் தோசை கிடைத்ததா? சந்தோஷம். கோபத்தில்தான் எழுதுகிறேன், மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். தினமும் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். இரண்டு பேருக்கு ஒரு குடை பிடித்து அந்த லயத்துக்குத்தான் திரும்பிப் போகிறார்கள்.

கேளடி. தயவுசெய்து கேள்.

ஜெயா

*

இன்ஸ்புருக்,
11.1.2025

ஜெயா,

கேட்டுவிட்டேன். ஆனால் கேட்டதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நேற்றுக் காலை, அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு மேலே பனி சரியக்கூடும் என்று எனக்கு ஒரு தகவல் வந்தது. சரிந்தது என்றுகூட இல்லை, சரியக்கூடும், அவ்வளவுதான். நான் யாரையும் கேட்கவில்லை. கதவு கதவாகத் தட்டி, "பெட்டியை விடுங்கோ, ஜக்கெட்டை மட்டும் போடுங்கோ" என்றேன். பல் விளக்கிக்கொண்டிருந்தவரும் வந்து பஸ்ஸில் ஏறினார். எல்லாரையும் கீழே பட்டணத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். மலைப் பாதை மூடிவிட்டது, பெட்டிகளும் கடவுச்சீட்டுகளும் மேலே மாட்டிக்கொண்டன. ஆகவே அவர்கள் திரும்புவது தள்ளிப் போகிறது. அடுத்த கிழமைக்கு முன் ஐயா பதுளைக்கு வர மாட்டார்.

இறங்கிய பிறகுதான் கேட்டேன். ஐயா கெட்ட மனிதர் இல்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, இது இங்கயிருந்து செய்யிற காரியமே? நான் போய்ப் பார்க்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றார். தனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க ஒருவருக்கும் பதில் கடமை கொடுத்துவிட்டு வரவில்லையாம். கொடுத்தால் அந்தக் கதிரையை இன்னொருவர் பிடித்துக்கொள்வார் என்று பயமாக்கும்.

மேலதிகாரி என் தோளில் தட்டி, கெட்டிக்காரி என்றார். நான் சொன்னதும் இவர்கள் ஏறினார்கள். உங்கள் ஆட்கள் யார் சொன்னால் இறங்குவார்கள், ஜெயா?

மயூ

*

தெமோதரை,
15.1.2025

என் உயிர் மயூ,

பொங்கல் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில். அழாதே, எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

நீ கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டாம் திகதி பின்னேரம் மழைக்குள் லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டுச் சொன்னேன்: "மயூரி போன் பண்ணுனா. இரகுநாதன் ஐயா சம்மதிச்சிட்டாரு. கடுதாசி பின்னால வருது, இப்பவே எறங்கச் சொல்றாரு." அப்பா என் முகத்தைப் பார்த்தார். "மயூரியா சொல்லுச்சு? அந்தப் புள்ள பொய் சொல்லாது" என்று முதல் ஆளாகப் பாயைச் சுருட்டினார். பிறகு ஒருவரும் நிற்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது மலை வந்து லயத்தை மூடிவிட்டது. மண்ணுக்கு மேலே ஒரு தகரம் மட்டும் தெரிகிறது.

இப்போது எனக்குத்தான் வினை. அரச அதிகாரியின் பெயரில் பொய்க் கட்டளை கொடுத்தேன் என்று தோட்ட நிர்வாகத்தார் மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். மலை விழுந்தது வேறு விஷயமாம், பொய் வேறு விஷயமாம். ஐயா அங்கிருந்தே, தான் அப்படிச் சொல்லவில்லை என்று அறிவித்துவிட்டார். உன்னிடமும் கேட்டு எழுதுவார்கள். நான்தான் ஜெயந்தினிக்கு அப்படிச் சொன்னேன், ஐயா சொன்னதைத் தவறாக விளங்கிக்கொண்டேன் என்று நீ எழுதினால் என் வேலை தப்பும். பொய்தான். நான் சொன்ன பொய்யில் பாதியைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

உன்,
ஜெயா

*

இன்ஸ்புருக்,
21.1.2025

அன்பின் ஜெயா,

எத்தனை தரம் எழுதிக் கிழித்தேன் என்று உனக்குத் தெரியாது.

கேட்டு எழுதினார்கள். நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விருந்தாளியின் வாய்ச் சொல்லை வெளியே கொண்டுபோனேன் என்று தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும். பிள்ளையின் படிப்பு, பதுளையில் அம்மாவின் வைத்தியம் எல்லாம் இந்த ஒரு கயிற்றில்தான் தொங்குகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் உனக்கு முன்னால் இவை ஒன்றும் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். நான் பயந்துவிட்டேனடி. யாரோ ஆறு அதிகாரிகளுக்காக ஒரு தகவல் வந்ததுமே துணிந்தேன், உனக்காகத் துணியவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

மயூரி

*

பதுளை,
3.2.2025

மயூரிக்கு,

விசாரணைக்கு இங்கே வந்து தங்கியிருந்தேன், அது முடிந்தது. முடிவு வரும் வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உன் கடிதத்தை என் முன்னால் வாசித்தார்கள். அழகான கடிதம், ஒரு பிழை இல்லை.

உன்னைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். வேறு மாதிரிச் செய்திருப்பேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் வருகிறது. அதனால் இனி எனக்கு எழுதாதே.

நீ எழுதிக் கொடுத்ததை லயத்து ஆட்களிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீ போன் பண்ணியதால்தான் பிழைத்தோம் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா தினமும் விளக்கேற்றும்போது உன் பெயரைச் சொல்கிறாள். எல்லாருமாகச் சேர்ந்து உனக்கு நல்ல தேயிலைத் தூளும் ஒரு சேலையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். அப்பா அதைப் பொதி கட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "மயூரி விலாசத்தைக் குடும்மா, தபால்ல போட்டுட்டு வாறேன்" என்று நேற்று வந்து நின்றார்.

நீ வீடு மாறிவிட்டாய், புது விலாசம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜெயந்தினி வீரய்யா