கம்பிக்குச் சிமெண்ட் பால்

ஜூலை 6, 2025

சிதம்பரத்து வெயிலுக்கு இனி ஒரு வேலை கொடுக்கப் போகிறோம். மொட்டைமாடியில் சோலார்! அளவெடுக்கக் கடலூரிலிருந்து சிந்துஜா என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். மாடியில் தலை நீட்டி நிற்கும் தூண் கம்பிகளைப் பார்த்து, "நெழல் விழும்க்கா, அறுத்துடலாமா?" என்றாள். நானும் என்னவோ வெண்டைக்காய் நறுக்குவதுபோல, "அறுத்துடும்மா" என்றேன். அடுத்த வாரம் அறுப்பதாகப் பேச்சு.

ஜூலை 7

மாமா இன்று என் கையால் காப்பி வாங்கவில்லை. ஏன்?

ஜூலை 8

அத்தைதான் விஷயத்தை உடைத்தார். "அந்தக் கம்பி செம்பியனுக்கு வுட்டதும்மா. மேல அவனுக்கு ஒரு வீடு எடுக்கணும்னு. வருசா வருசம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, துரு புடிக்காம ஒங்க மாமா அதுக்கு சிமெண்ட் பால் அடிக்கிறாரே, எதுக்குன்னு நெனச்ச?"

துணிக்கொடி கட்டத்தான் என்று நினைத்திருந்தேன்! செம்பியன் என் கொழுந்தனார். கடலூரில் வேலை, வாடகை வீடு. இப்போது அங்கேயே மனை பார்க்கிறார். இந்த நேரத்தில் கம்பியை அறுத்தால், 'நீ வரவேண்டாம்' என்று நாமே சொன்ன மாதிரி ஆகாதா? ஐயோ. அழுகையே வந்துவிட்டது. வினோதினி, ஒனக்கு எதுக்குடி இந்த அவசரம்?

ஜூலை 13

சிந்துஜாவை மறுபடி வரவழைத்தேன். "கம்பிய தொடக்கூடாதும்மா. நாளைக்கு மேல ஒரு வீடு வரும். அதுக்கும் சேத்துப் போடு."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு நடை மிச்சம்க்கா" என்று சிரித்தாள். பிறகு தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாள். பேனல்கள் கம்பிகளுக்குத் தெற்கே தள்ளி. புயலுக்கு அசையாத, ஆனால் போல்ட்டைக் கழற்றினால் மேல்மாடிக்கு ஏறிவிடும் ஸ்டாண்டு. இன்வெர்ட்டரும் ஒயர் போகும் பைப்பும் ஒரு சைஸ் பெரிது. கீழே மெயின் பெட்டியில் பிரேக்கர் மாட்ட நாலு காலி இடம்.

மாமா படியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நாலு போதுமாம்மா?" என்றார். கேட்டது சிந்துஜாவைத்தான். ஆனால் காப்பி என் கையால் வாங்கினார்.

ஆகஸ்ட் 3

எர்த்துக்காகத் தோட்டத்தில் மூன்று குழி. "ஒண்ணு போதாதா?" என்றார் என் வீட்டுக்காரர் அன்புமணி.

"பேனலுக்குத் தனி, லைனுக்குத் தனி, இடிதாங்கிக்குத் தனிண்ணா. ரூல்ஸ் அது. இல்லன்னா ஈபி ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றாள் சிந்துஜா.

அதற்குள் அத்தை மூன்று வாழைக்கன்றோடு வந்து நிற்கிறார், சும்மா கிடக்கிற குழிதானே என்று! "தள்ளி வைங்கம்மா, நீங்க ஊத்துற தண்ணில எர்த்தும் நனையும், அதுக்கு ஈரம் நல்லது" என்று அவள் சமாதானம் செய்தாள். என் வீட்டுக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 31

புது மீட்டர் ஓடுகிறது. பார்க்க செம்பியனும் அவர் மனைவி ப்ரீத்தியும் வந்தார்கள். மாமா மாடிக்கே போகவில்லை. நேரே மெயின் பெட்டியைத் திறந்தார்.

"இந்த நாலும் ஒனக்கு."

செம்பியன் அந்தக் காலி இடத்தையே பார்த்தார். "எனக்கா? யாருப்பா வுடச் சொன்னது?"

"ஒங்க அண்ணி."

அண்ணி அறுக்கச் சொன்ன கதையை ஒருவரும் எடுக்கவில்லை. நல்ல குடும்பத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்!

சாப்பிடும்போது ப்ரீத்தி மெதுவாகக் கேட்டாள், "மாமா, மேல ரெண்டு ஏசி போட்டா இது தாங்குமா?"

மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கினார், சர்க்கரை நோயாவது ஒன்றாவது.

ஜனவரி 11, 2026

வீடு வெள்ளையடித்தாயிற்று. இந்த வருஷம் நானே ஒரு வாளி சிமெண்ட் பால் கரைத்து மாடிக்குத் தூக்கிப் போனேன்.

மாமா கம்பியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத ஏம்மா கரைச்ச? கொண்டுபோயி மதில்ல அடி."

தை பிறந்ததும் மேல்வீட்டுக்குக் கம்பி கட்டுகிற ஆள் வருகிறாராம்.