கார் குடித்த தீர்த்தம்

மடு மாதா துணை

ஹனோவர்
29.10.2006

அன்பு மகள் யூலியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

ரொறன்ரோவில் நீயும் மருமகனும் சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறோம். இங்கே நாங்களும் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், ஆனால் நீ ரெலிபோனில் அம்மாவின் குரலைக் கேட்டே உண்மையைப் பிடித்துவிடுகிற ஆள், அதனால் உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் முந்தின மாதிரித்தான், நான் டொக்டரிடம் நாள் குறித்துத் தெர்மின் எடுத்துக் கொடுத்தால் சரியாக அந்த நாளில்தான் அவளுக்கு வீட்டில் தலைபோகிற வேலை வரும். சுந்தரேஸ்வரி அக்காவின் மகளுக்கு ஆண் குழந்தை, நீ ஒரு வார்த்தை ரெலிபோன் எடுத்துக் கதை, இல்லாவிட்டால் கோயிலில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பா. சண்டையால் ஊரில் பாதை பூட்டின பிறகு மன்னாரில் மாமியோடு ஒருக்காத்தான் கதைக்கக் கிடைத்தது, உயிரோட இருக்கிறம் என்று மட்டும் சொன்னா. இதெல்லாம் இருக்கட்டும், நான் எழுத உட்கார்ந்தது அண்ணாவின் காரைப் பற்றி.

போன மாதம் அந்தக் கார் நிற்கிற கராஜின் சொந்தக்காரனிடமிருந்து அறிவித்தல் வந்தது. ரயில் பாதையோரத்துக் கராஜ்கள் எல்லாவற்றையும் இடித்து வீடு கட்டப்போகிறார்களாம், ஒக்ரோபர் முடியுமுன் உள்ளே இருப்பதை எடுக்க வேண்டுமாம், எடுக்காததை லொறியில் ஏற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவார்களாம். வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒருவருக்கும் சொல்லாமல் திரிந்தேன். நீ அப்போது பள்ளிக்கூடம், எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அண்ணா கிறிஸ்ரியன் அந்த மஸ்ராங் காரை ஓட்டை உடைசலாக வாங்கி, மெக்கானிக் வேலை பழகி அவுஸ்பில்டுங் செய்த காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு அங்கேயேதான் கிடந்தான். எஞ்சினை முழுக்கக் கழற்றி, திரும்பவும் தானே பூட்டி முடித்த கிழமைதான் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, இரத்தப் புற்றுநோய் என்று பிறகுதான் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, நான் வந்துதான் ஸ்ராட் பண்ணுவன், அதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கப்படாது என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு வேலை பழக்கிய மைஸ்ரர் லூடர்ஸ் வந்து காரிலிருந்து தண்ணீர், பெற்றோல் எல்லாவற்றையும் இறக்கி, கதவைப் பூட்டிச் சாவியைத் தந்தார். பிள்ளை வரவில்லை, நாங்களும் கை வைக்கவில்லை. எட்டு வருடமாக எனக்கு அந்தக் கதவைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

கடைசியில் சட்டை தோய்க்கும்போது அம்மா அந்த அறிவித்தலைக் கண்டுவிட்டாள். என்னைப் பேசின பேச்சு இருக்கிறதே, மேல்வீட்டு ஜெர்மன்காரிக்கே விளங்கியிருக்கும். பேசி முடித்துவிட்டுச் சொன்னாள், பிள்ளையை ஒருக்காப் பெட்டியில வைச்சுத் தூக்கிக் குடுத்திட்டன், அவன்ர காரையும் லொறியில தூக்க விடமாட்டன், அது தன்ர சில்லிலதான் வெளியால வரவேணும் என்று. எனக்கும் அதுதான் மனதில் இருந்தது. லூடர்ஸுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் இப்போது பென்சன் எடுத்துவிட்டார், இடுப்பும் சரியில்லை. என் பெயரைச் சொன்னவுடன், கிறிஸ்ரியனின் காரா என்று மட்டும் கேட்டார், அடுத்த நாளே தன் மெக்கானிக் ஆயுதப் பெட்டியோடு வந்து நின்றார்.

கராஜைத் திறந்தால் காரில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. மேலே அம்மாவின் பூப்போட்ட படுக்கைவிரிப்பு, அதை எப்போதோ கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். எனக்கு விளங்கவில்லை. லூடர்ஸ் ரோர்ச் அடித்துக் கீழே புகுந்து பார்த்தார். பிறகு எஞ்சினுக்குக் கீழே நிலத்தில் தண்ணீர் ஒழுகிக் காய்ந்த கறளைக் காட்டி, இதுக்குள் யார் தண்ணீர் விட்டது என்று கேட்டார். ஒருவரும் விடவில்லை, நீதானே இறக்கினாய் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. அப்போதுதான் பின்னால் தேத்தண்ணிப் போத்தலோடு நின்ற அம்மா, நான்தான் விட்டனான் என்றாள்.

யூலியா, ஒவ்வொரு வருடமும் அண்ணாவின் நினைவு நாளில் சேமக்காலைக் கல்லறைக்குப் போகிறேன் என்று தனியாகப் போவாளே, அங்கே போய்விட்டு அப்படியே கராஜுக்கும் போயிருக்கிறாள். முதல் வருடம் தண்ணீர் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. பிள்ளையின்ர கார் தாகத்தோட நிக்குது என்று நினைத்து, கெவலார் மாதா திருவிழாவில் ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தத்தைக் கானோடு கொண்டுபோய் ஊற்றியிருக்கிறாள். அடுத்த வருடம் பார்த்தால் குறைந்திருக்கிறது. குடிச்சிட்டுது எண்டு சந்தோஷப்பட்டன் என்றாள், திரும்பவும் ஊற்றியிருக்கிறாள், வருடா வருடம். பனிக்கு உறையாமல் இருக்க அந்தத் தண்ணீருக்குள் மருந்து கலக்க வேண்டும் என்று மன்னாரில் பிறந்தவளுக்கு யார் சொன்னது? தீர்த்தம் தையில் கல்லாகியிருக்கிறது, உருகி ஒழுகியிருக்கிறது, அவள் கார் குடித்தது என்று நினைத்திருக்கிறாள்.

உறைந்த தண்ணீர் இரும்பைப் பிளந்திருந்தால் இந்த எஞ்சினுக்கு இனி ஒன்றும் செய்ய ஏலாது, கிறிஸ்ரியனின் வேலை அவ்வளவும் போய்விட்டது என்று லூடர்ஸ் சொன்னார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அவளுக்கு முழுக்கச் சொல்லத் தேவை இருக்கவில்லை. என்ர பிள்ளை கட்டினதை நானே உடைச்சுப் போட்டனே என்று அந்தச் சீமெந்து நிலத்திலேயே இருந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை, மாதாவுக்கு மெழுகுதிரியும் கொளுத்தவில்லை. கலியாணம் கட்டின நாளிலிருந்து கொம்மா மாதாவோடு கோபித்து நான் கண்டதில்லை. அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

லூடர்ஸ் இன்னொன்றும் சொன்னார், எஞ்சினின் பக்கங்களில் நாணயம் மாதிரி சில இரும்பு மூடிகள் இருக்குமாம். தண்ணீர் உறைந்து தள்ளும்போது சில நேரம் இரும்பு வெடிக்காமல் அந்த மூடிகள் கழன்று விழுந்து எஞ்சினைக் காப்பாற்றிவிடுமாம், சில நேரம் அப்படி நடக்காதாம். கீழே தேடினோம், இரண்டு மூடி விழுந்து கிடந்தன. லூடர்ஸ் புது மூடி அடித்து, மருந்துத் தண்ணீர் நிரப்பி, பம்பால் காற்று அழுத்தி, மீற்றரைப் பூட்டிவிட்டு, வெடிப்பிருந்தால் முள் இறங்கும், நாளைக்குப் பார்ப்போம் என்றார். விடிந்ததும் விடியாததுமாகப் போனோம். மீற்றர் முள் வைத்த இடத்திலேயே நின்றது. நான் எஞ்சினைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தேன், ஒரு ஈரம் இல்லை. விழுந்த மூடிகளில் ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்து, இது எங்கட பிள்ளை பூட்டினது, எஞ்சின் தப்பிவிட்டது என்றேன். அதைச் சீலைத் தலைப்பால் துடைத்து மாதாவின் காலடியில் வைத்துவிட்டு மெழுகுதிரி கொளுத்தினாள். அன்றைக்குத்தான் வீட்டில் சோறு சமைத்தது.

அதுக்குப் பிறகு பற்றரி, பிரேக், பெற்றோல் ராங்க் என்று லூடர்ஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நேற்றுச் சனிக்கிழமை மத்தியானம் சாவியை என்னிடம் நீட்டினார், நான் அம்மாவிடம் கொடுத்தேன். இந்த நாட்டில் இவ்வளவு காலமாய் ஓட்டப் பழக மாட்டேன் என்று அடம்பிடித்தவள் சிலுவை போட்டுக்கொண்டு ஏறி இருந்து திருப்பினாள். முதல் இரண்டு தரமும் செருமிவிட்டு நின்றுவிட்டது. மூன்றாம் தரம் பிடித்தது பார், கராஜ் கதவு அதிர்ந்தது! லூடர்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அம்மா ஸ்ரியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்து, இஞ்சாருங்கோ, இந்தச் சத்தத்தை அவன் கேக்கேல்லையே என்று அழுதாள். உண்மைதான் மகள், தான் கட்டின எஞ்சின் ஓடுகிற சத்தத்தை ஒரு நாளும் அவன் கேட்கவில்லை. நானும் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. பிறகு லூடர்ஸ் ஓட்ட, நான் முன்னுக்கும் அம்மா பின்னுக்கும் இருந்து, கார் தன் சில்லிலேயே வெளியே வந்தது. இப்போது அவருடைய கொட்டிலில் நிற்கிறது. தீர்த்தம் ஒரு சின்னப் போத்தலில் காருக்குள் வைக்கலாம், எஞ்சினுக்குள் மட்டும் வேண்டாம் என்று அம்மாவைக் கும்பிட்டுக் கேட்டார்.

அங்கே பனி தொடங்கமுதல் காருக்குக் குளிர்கால ரயர் மாற்று, மருமகனை நம்பி விடாதே. இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் போடு, இரவு வேலை செய்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. கோடையில் இரண்டு பேரும் வாருங்கோ, இங்கே ஓட்ட லைசென்ஸ் எடுத்து வை, அண்ணாவின் காரை ஓட்டுவது நீதான். மாதா உன்னையும் உன் குடும்பத்தையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், என்னுடையதும் அம்மாவுடையதுமான ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நேற்று உன் வீட்டு ரெலிபோனில் ஒரு செய்தி பதிந்திருக்கும். ஒருவரும் கதைத்திருக்க மாட்டார்கள், வெறும் இரைச்சல்தான், பிழையான நம்பர் என்று நினைத்திருப்பாய். நீ வேலையால் வந்திருக்கவில்லை, நான்தான் கைத்தொலைபேசியில் எடுத்தேன், என்னால் ஒரு சொல் கதைக்க ஏலாமல் போய்விட்டது. இன்றைக்கும் எடுத்துச் சொல்லப் பார்த்தேன், ஏலவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அந்த இரைச்சலை அழித்துவிடாதே பிள்ளை, அது அண்ணாவின் எஞ்சின்.

உன் அன்பு அப்பா
பீலிக்ஸ்