விளக்கு வைப்பதற்குள் மூன்று நகரங்கள்

என் ராணி மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன் என்று தொடங்கினால் நீங்களே சிரிப்பீர்கள். அதனால் எங்கள் சுகத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். நான் நல்லாய் இருக்கிறேன். என் மனுசனான உங்கள் தம்பியும் இப்போது தானாகவே சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற நினைவுமலரில் நானும் ஏதாவது எழுத வேண்டும் என்று எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். தேவாரம் போட்டாயிற்று. வாழ்க்கை வரலாறும் வந்துவிட்டது. நீங்கள் அமைதியே உருவானவர் என்று ஒருவர் எழுதித் தந்திருக்கிறார். உங்களோடு ஒருநாள் சீட்டு விளையாடியிருந்தால் அவர் அப்படி எழுதியிருக்கமாட்டார்.

நான் எழுதப்போவது வேறு கதை. அந்த முப்பத்தொரு நாள் கழியுமுன், சாவுத் தீட்டான துடக்கோடு, நானும் உங்கள் தம்பியும் ரயிலேறி ஊர் சுற்றிய கதை. பாசலில் எங்களைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். கதை கை, கால் முளைத்து பேர்ணுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஓஸ்டர்முண்டிகனுக்கு வந்து சேருமுன் நானே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களும் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

நாங்கள் இரண்டு பேரும் இந்த நாட்டில் ஏறாத ரயில் உண்டா, மச்சாள்? கலியாணவீடு, செத்தவீடு, சாமத்தியவீடு, தேர்த்திருவிழா என்று போகாத திசையில்லை. ஆனால் பார்த்த ஊர் என்று சொல்ல ஒன்று இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் நான் சமையலறை, நீங்கள் சலவைப் பகுதி. அங்கே வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெண்கள் லீவு முடிந்து வந்து, அந்த ஏரி, இந்தப் பாலம் என்று கதைப்பார்கள். நாங்கள் தலையாட்டுவோம். ஏரியைக் கண்டதுபோலவே ஆட்டுவோம்.

ஒருமுறை ரைன் ஆற்றைப் பார்க்கவென்றே பாசலுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனால் கோபிப்பார்கள் என்று, உங்கள் மாமாவின் மகள் கலாவுக்கு ஒரு போன் எடுத்தோம். அவள் ஸ்டேசனுக்கே வந்துவிட்டாள். இடியப்பம், சொதி, பிறகு தேத்தண்ணி. அங்கே போய் இங்கே வராமல் விடுவதோ என்று பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனது. இரண்டாவது வீட்டிலும் இடியப்பம். ரைன் ஆறு அங்கிருந்து இரண்டு ட்ராம் தரிப்பிடம்தான் என்று கலாவே சொன்னாள். சொல்லிக்கொண்டே முறுக்குப் பையைக் கையில் தந்து எங்களை ரயிலேற்றிவிட்டாள்.

அதன்பிறகு லுசேர்னுக்கு ஒருத்தருக்கும் சொல்லாமல் போனோம். கறிவேப்பிலை வாங்கவென்று ஒரு தமிழ்க்கடைக்குள் நுழைந்தது நீங்கள்தான், நான் இல்லை. கடைக்காரர் ஊர் கேட்டார், தெரு கேட்டார், கடைசியில் உங்களோடு படித்த ஒருத்திக்கு மைத்துனராய் வந்தார். அன்று பின்னேரம் நாங்கள் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் பிறந்தநாள் மண்டபத்தில் இருந்தோம். ஏரி இருந்த இடத்தில் இருந்தது.

திரும்பி வருகிற ரயிலில்தான் நீங்கள் அந்தத் திட்டத்தைப் போட்டீர்கள். ஓல்டன், லுசேர்ன், பாசல், லுகானோ. ஒரு சொந்தக்காரர் வீட்டுப் படியும் ஏறுவதில்லை. இலை மஞ்சளாகிற நேரத்தில் போவது. ஓல்டன் எதற்கு என்று கேட்டேன். "எத்தினை தரம் அதில மாறி ஏறியிருப்பம், தவம். ஒருக்காலும் வெளியில போய்ப் பாக்கேல்லை. அந்த ஊர் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?" என்றீர்கள்.

இந்த வருசம் இரண்டு பேருக்கும் ஒன்றாய் லீவு கிடைத்தது. வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே நீங்கள் படுக்கையில் இருக்க, உங்கள் பகுதியில் துவைத்த வெள்ளை விரிப்பின் மடிப்பை நீங்கள் குறை சொன்னதும் இந்த வருசம்தான். அன்றைக்கு என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்.

"லீவை மாத்திப் போடாதேயும். நான் வராட்டியும் நீர் போம். அவனையும் கூட்டிக்கொண்டு போம். வீட்டில இருந்தா அவன் கல்லாய்ப் போயிடுவான்."

ஓம் என்று சொன்னேன். சொன்னபோது அதன் பாரம் தெரியவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

காடாத்து முடித்து, ஆரே ஆற்றில் உங்களைச் சாம்பலாய்க் கரைத்து, எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவும் முடிந்தது. வருகிற சனம் குறைந்தது. உங்கள் தம்பி மேல்மாடிக்கு, உங்கள் வீட்டுக்குப் போய், உங்கள் சோபாச் செற்றியில் இருக்கத் தொடங்கினார். ரீவி போடுவதில்லை. யன்னல் திறப்பதில்லை. தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால் ஆறிப்போய் ஆடை படிந்து இருக்கும். கலியாணம் கட்டாமல், தம்பிக்காகவே வெளிநாடு வந்து உழைத்த அக்கா இல்லாத வீட்டை மனுசன் காவல் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது, மச்சாள். உங்களை இழந்தது போதாதென்று இவரையும் இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

திட்டத்தைச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "துடக்கோட ஊர் சுத்திறதோ? சனம் என்ன சொல்லும்?"

மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது ஒன்று பிடிபட்டது. துடக்குக்காரர் இன்னொருவர் வீட்டுப் படி ஏறக்கூடாது. அவர்களும் எங்களைக் கூப்பிட முடியாது. கோபிக்கவும் முடியாது. எத்தனையோ வருசமாக நாங்கள் தேடின விடுதலை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது! இந்த முப்பத்தொரு நாளும் பாசலுக்குப் போய் இடியப்பம் சாப்பிடாமல் திரும்புகிற உரிமை எங்களுக்கு இருக்கிறது. பின்னேரம் உங்கள் படத்துக்கு விளக்கு வைக்க வீட்டில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். இந்த நாட்டில் காலையில் ஏறினால் எங்கே போயும் விளக்கு வைப்பதற்குள் வந்துவிடலாம். கிட்டத்தட்ட எங்கே போயும்.

இதை இவரிடம் விளக்கினேன். மனுசன் செற்றியை விட்டு எழும்பவில்லை. சரி, கேட்டுக்கொண்டு நிற்க லீவு வளராது என்று முதல்நாள் நான் தனியே ஓல்டனுக்குப் போனேன்.

ஊர் முழுக்கப் பனிப்புகார் மூடியிருந்தது. ஸ்டேசனுக்கு வெளியே வந்து ஆற்றங்கரையால் கொஞ்சத்தூரம் நடந்தால் கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்று. உள்ளே நடந்தால் பலகை சத்தம் போடுகிறது. நடுவில் நின்று கீழே பார்த்தேன். அங்கே நின்ற ஒரு பெண்ணிடம் இது என்ன ஆறு என்று கேட்டேன். ஆரே என்றாள். எங்கள் பேர்ண் ஆறேதான். நான் ரயிலில் வந்தேன், அது தன் பாட்டில் வந்திருக்கிறது.

பின்னேரம் விளக்கைக் கொளுத்திவிட்டு உங்கள் படத்துக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். உங்களுக்குச் சத்தம் தேவையில்லை என்று தெரியும். மேலேயிருந்து இறங்கிவந்து வாசலில் நிற்கிறவருக்குக் கேட்கவேண்டுமே. புகாரைச் சொன்னேன், பாலத்தைச் சொன்னேன், ஓல்டன் எங்களை ஒன்றும் தவறாக நினைக்கவில்லை என்றும் சொன்னேன்.

"அது எங்கட ஆரேயோ?" என்று பின்னால் குரல் கேட்டது. ஓம் என்றேன். அங்கேயிருந்து எங்கே போகிறது என்று கேட்டார். தெரியாது, ஆற்றைக் கேளுங்கோ என்றேன். அவர் போனை எடுத்து வரைபடத்தை விரித்துக்கொண்டு இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் காலில் சப்பாத்துப் போடும்போது அவரும் சப்பாத்துப் போட்டார்.

லுசேர்னில் உங்கள் தம்பி பத்து வார்த்தை கதைத்திருந்தால் அதிகம். ஆனால் மச்சாள், ஏரி இருக்கிறது! கடைக்காரர் எங்களுக்கு மறைத்த ஏரி அவ்வளவு பெரிது. ஸ்டேசன் வாசலில் இறங்கினால் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கரையில் நிற்கிற மரங்கள் மஞ்சளும் சிவப்புமாய்க் கொட்டிக்கொண்டிருந்தன. தெருவில் ஒருவர் மரோனி சுட்டு விற்றார். சுட்ட கொட்டைதானே, விரதத்துக்கு ஆகும் என்று நானே தீர்ப்புச் சொல்லி ஒரு கடதாசிச் சுருள் வாங்கினேன். இவர் தோலை உரித்து ஒன்றை எனக்குத் தந்தார். பிறகு மிச்சம் முழுவதையும் தானே சாப்பிட்டார். அன்றைக்கு நான் உங்களுக்குக் கும்பிட்ட கும்பிடு உங்களுக்கு வந்து சேர்ந்ததா?

அடுத்தநாள் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவராகவே பாசல் என்றார்.

பாசலில் என்னைக் கேளாமலே ட்ராமில் ஏறி, ஆற்றங்கரையில் இறங்கி, படிக்கட்டில் இருந்துவிட்டார். ரைன் அகலமான ஆறு. இயந்திரம் இல்லாத படகு ஒன்று, மேலே கட்டின கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் இழுவையிலேயே அக்கரைக்குப் போய் வருகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் "அத்தான்?" என்று ஒரு குரல். கலா. கையில் சாமான் பை. ஒரு சொந்தக்காரரையும் காண்பதில்லை என்று போட்ட திட்டத்தில் நாங்கள் யாரைக் காணக்கூடாதோ அவளேதான்.

எங்களைக் கண்ட சந்தோசத்தில் "வாங்கோ வீட்டை" என்று பாதி வந்துவிட்டது. மிச்சத்தை விழுங்கினாள். நாங்கள் துடக்கு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். முகம் மாறியது.

"அந்தியேட்டி இன்னும் முடியேல்லையே. இதுக்குள்ள இஞ்ச என்ன செய்யிறியள்?"

நான் வாயைத் திறந்தேன். எனக்குப் பதில் ஆயத்தமாக இருந்தது. உங்கள் தம்பி முந்திக்கொண்டார்.

"அக்காவைப் பாக்க வந்தனாங்கள்," என்றார். "பேர்ணில ஆரேயில விட்டது. ஆரே ஓல்டனால போய் ரைனில விழுது. ரைன் இதாலதான் போகுது. எத்தினை தரம் இந்த ஊருக்கு வந்தும் அவ இந்த ஆத்தைக் காணேல்லை, கலா. இப்பதான் கண்டவ."

சொல்லிவிட்டு அழுதார். உங்கள் செத்தவீட்டில் கொள்ளி வைத்தபோதும் அழாத மனுசன், பாசலில், பட்டப்பகலில், படிக்கட்டில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். எனக்கு அந்த வரைபடக் கணக்கு அதுவரைக்கும் தெரியாது. ஓல்டனில் பாலத்தில் நின்று கீழே பார்த்தபோது நீங்கள் எனக்குக் கீழால் போய்க்கொண்டிருந்தீர்களா, மச்சாள்? ஒரு சத்தம் வைத்திருக்கக் கூடாதா?

கலா திரும்பிப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மரோனிச் சுருள்களோடு திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"வீட்டைதானே வரக்கூடாது," என்றாள். "நான் ஆத்தங்கரைக்கு வரலாம்தானே."

மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். இவ்வளவு காலம் பாசலில் இருந்தும் தான் இப்படி வந்து இதில் இருந்ததில்லை என்று கலா சொன்னாள். வருகிற சொந்தக்காரருக்குச் சமைக்கவே நேரம் சரியாம்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஓடிவந்து சேர்ந்தோம். நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டு நின்றேன். உங்கள் படத்துக்கு முன்னால் இருந்து பாசல் கதையை உங்களுக்குச் சொன்னது நான் இல்லை, உங்கள் தம்பி. படகைப் பற்றி, கலா விழுங்கின பாதி வார்த்தையைப் பற்றி, எல்லாம். இடையில் ஒரு இடத்தில் சிரித்தார். நான் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆக, நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன். அவரைக் கூட்டிக்கொண்டு போனேன், கல்லாய்ப் போகவிடவில்லை. இது பிழை என்று இந்த மலரை வாசிக்கிற யாருக்காவது தோன்றினால் எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடமே சொல்லலாம். தேத்தண்ணி தருவேன். அடுத்த இலையுதிர்காலத்தில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட நினைக்கிறவர்கள் இடியப்பத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வாருங்கள். கலா ஓம் என்றுவிட்டாள். சொதி அவளுடைய பொறுப்பு.

உங்கள் திட்டத்தில் இன்னும் ஒரு நகரம் இருக்கிறது. லுகானோவுக்குப் போனால் விளக்கு வைப்பதற்குள் திரும்புவது கரைச்சல் என்று அதைத் தள்ளி வைத்தோம். அந்தியேட்டி முடிந்த கிழமை போகிறோம். ரயில் ரிக்கற் எடுத்தது உங்கள் தம்பி. வரைபடத்தை வைத்து அதையும் பார்த்துவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் தண்ணீரெல்லாம் தெற்கே இத்தாலிக்கு ஓடுகிறதாம். ஆரேயும் போகாது, ரைனும் போகாது. அங்கே எந்த ஆறும் உங்களைக் கொண்டுபோகாது, மச்சாள். அதனால் நாங்கள் கொண்டுபோகிறோம்.

வீட்டுக்கு வந்து விளக்கை வைத்து, கண்டதை ஒன்றும் விடாமல் சொல்லுவோம். இது சத்தியம்.

உங்கள் தம்பியைக் கட்டியதால் மச்சாளாகி, உங்களாலேயே தோழியான,
தவம்
ஓஸ்டர்முண்டிகன், இரண்டாம் மாடி