வளைவில் மணல்

ஜூன் 4

இரண்டாவது ஏரி. நாற்பத்தொரு கிலோமீட்டர், பாதி ஏற்றம். முழங்கால் ஒத்துழைக்கிறது. விடுதிக்காரி என் சைக்கிளையும் நரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "தனியாவா? வீட்டுக்காரர் வரலையா?" அவள் மொழி தெரியாமலே புரிந்தது. தலையை எப்படி ஆட்டினேனோ, மேசையில் இரண்டு கோப்பைகள் வைத்தாள்.

போன ஜூனில் அவரோடு தொடங்கிய பயணம் இது. ஐந்து ஏரிகள், நான்காவதற்கு முந்திய இறக்கத்தில் அவர் விழுந்தார்; பிறகு எழவேயில்லை. மீதியை முடிக்க வந்திருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஏழு மணிக்கு நாத்தனாரின் செய்தி, வழக்கம்போல்: "அண்ணி, சேர்ந்தாச்சா?" சேர்ந்தாச்சு.

ஜூன் 5

இறக்கத்தில் பின்னால் இன்னொரு சைக்கிள். மிதிக்காமல் விட்டால் பின்சக்கரம் எழுப்புமே, அந்த டிக்டிக். வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். யாரும் வரவில்லை.

என் சக்கரம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் மிதித்துக்கொண்டல்லவா இருந்தேன்?

ஜூன் 6

மூன்றாவது ஏரிக்கரை ஊரில் சைக்கிள் கடை. மெக்கானிக்குக்கு என் அப்பா வயது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சங்கிலி, கம்பிகள், மட்கார்டு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னது ஏறக்குறைய இது: "தங்கமான வண்டிம்மா. என் பொண்டாட்டி போடற சத்தத்துல பாதிகூட இது போடலை." நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 7

மறுபடியும். ஒன்பது இறக்கங்களில் ஏழில். இருபது வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறவள், காற்றைச் சந்தேகிக்கிறேன், காதைச் சந்தேகிக்கிறேன். எழுதிவைத்ததைத் தவிர வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

ஜூன் 8

மழை. கிளம்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரியும் மலையும் ஒரே சாம்பலாக.

இருவராகப் போனால் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர் சாலையைப் பார்த்துக் குரல் கொடுக்கவேண்டும் — "குழி!", "மணல்!", "வண்டி!" பின்னால் வருபவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். எப்போதும் அவர்தான் முன்னால். "இது என் பின்சக்கரம்" என்றுதான் என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்வார். அவர் விழுந்த அன்றைக்குக் காலையில் விடுதியில் முன்பின் தெரியாதவர்களிடமும் அதையே சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். "இன்னைக்கு நீங்க என் பின்னால வாங்க" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

வளைவில் மணலைப் பார்த்தேன். சக்கரம் வழுக்கியது, சமாளித்துவிட்டேன். சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். கொஞ்சம் தடுமாறட்டுமே — அவ்வளவுதான் நினைத்தேன். சத்தியமா அவ்வளவுதான்.

நான் பின்னால் வந்ததாக எல்லோரிடமும் சொன்னேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஜூன் 9

வளைவு. மணல் அப்படியேதான் கிடக்கிறது. மலை உதிர்ந்துகொண்டுதானே இருக்கும். டிக்டிக் மிக அருகில். "மணல்!" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். மேயும் ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. நின்று திரும்பினால், சாலை வெறுமையாக.

அங்கேயே ஓரமாக உட்கார்ந்து நாத்தனாரை அழைத்தேன். எல்லாம் சொன்னேன்.

"மணலைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

பிறகு சொன்னாள்: "அன்னைக்குக் காலையில அண்ணன் எனக்கு போன் பண்ணினான். 'இன்னைக்கு உங்கண்ணி முன்னால போறாளாம், நான் வாலைச் சுருட்டிக்கிட்டு பின்னால போறேன்'னு ஒரே சிரிப்பு."

"அப்போ உனக்கு..."

"ஒரு வருஷமா, நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன் அண்ணி."

வைத்துவிட்டாள். அவர் சிரித்திருக்கிறார். நான்தான் கோபமாக இருந்திருக்கிறேன். நான் மட்டும்.

ஜூன் 10

நான்காவது ஏரி. செய்தி இல்லை.

ஜூன் 11

இல்லை.

ஜூன் 13

ஐந்தாவது ஏரி. கடைசி இறக்கம் நீளமானது, பதினோரு கிலோமீட்டர். மிதித்துக்கொண்டே காதைக் கொடுத்தேன். ஒன்றுமில்லை. இரண்டு முறை நின்று, யாருக்கோ வழிவிடுவதுபோல் ஒதுங்கியும் பார்த்தேன். தண்ணீர் தெரியும்வரை என் மூச்சு மட்டும்தான்.

ஏழேகாலுக்குக் கைபேசி ஒலித்தது. "சேர்ந்தாச்சா?" அண்ணி என்ற சொல் இல்லை.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பதில் அனுப்பினேன்: "சேர்ந்துட்டேன். தனியா."