பதினோராவது நிமிடத்தில் உன் டிபன் டப்பா

நைனா,

இன்று காலை ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறியதுமே உன் டிபன் டப்பா என் பைக்குள் சத்தம் போடத் தொடங்கிவிட்டது. மூடி நெளிந்திருக்கும் இடத்திலிருந்து டிங்... டிடிங் என்று அதே சத்தம். பக்கத்தில் நின்ற என் வகுப்புத் தோழி, "ஏய், அத்த ஒரு ரப்பர் பேண்டு போட்டு கட்டேண்டி, பேஜாரா கீது" என்றாள். நான் கட்டவில்லை. கும்மிடிப்பூண்டியில் இறங்கிப் பள்ளிக்கு நடக்கும்போதும் போன மாதத்துக் கோபம் தீரவில்லை. அதனால்தான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் உனக்கு இதை எழுதுகிறேன்.

போன மாதம் உன் முதல் வருடத் திவசத்துக்கு உன் சிநேகிதர்கள் இருவரும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், அனல்மின் நிலையத்தில் வேலை செய்யும் அத்திப்பட்டு மாமாவும் செவ்வாப்பேட்டை மாமாவும் வழக்கம்போல 'நீலப்புகை'யைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்த இசைக்குழு உடைந்து இரண்டானது நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு. ஆர்கன் வாசித்தவர் 'ஈரமணல்' தொடங்கினார்; கிட்டார்காரரும் டிரம்மரும் 'ஏழாம் கம்பி'க்குப் போனார்கள். இவர்கள் இருவருக்கும் அது நேற்று நடந்த பாகப்பிரிவினை மாதிரி.

"ஆர்கன் இல்லாம இன்னாடா பாட்டு? உன் ஏழாம் கம்பி கல்யாண பேண்டு மாதிரி கீது" என்றார் அத்திப்பட்டு மாமா.

"உன் ஈரமணலு மட்டும்? ஒரே நோட்டு, அர மணி நேரம். பவர் ஹவுஸ்ல மிசினு ஓட்ற உனுக்கு அதுதான் புடிக்கும்" என்றார் செவ்வாப்பேட்டை மாமா.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நீலப்புகை வாசித்த சைகடெலிக் ராக் என்றால் என்ன என்று எட்டாம் வகுப்பில் உன்னைக் கேட்டேனே, நினைவிருக்கிறதா? "உலைல இரும்பு உருகறத பாத்துக்குனே நின்னா தல ஒரு மாதிரி ஆவும் பாரு, அதான்" என்றாய். அகராதியில் அவ்வளவு தெளிவாக இல்லை.

பிறகு செவ்வாப்பேட்டை மாமா கைபேசியை எடுத்தார். மாதா கோயில் ஹாலில் நீலப்புகை வாசித்ததை நீ பதிவு செய்தாயே, அந்த ஒரே ஒரு கேசட். அதை நீ இருக்கும்போதே அவர் வாங்கிப்போய்ப் பிரதி எடுத்து வைத்திருந்தார். இப்போது சுத்தம் செய்து இணையத்தில் போட்டிருக்கிறாராம். "பதினோராவது நிமிசத்துல நம்ம டிரம்மர் தட்றான் பாரு, டிங்... டிடிங்... எவனாலயும் முடியாதுடா. இந்த சத்தத்துக்குன்னே ஏழாம் கம்பில மேடைக்கு அலுமினியத் தட்டு கொண்டாந்தானுங்க."

"மாமா, அது நைனாவோட டிபன் டப்பா" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். "ஒங்க நைனா உன்னாண்ட நல்லா ரீல் வுட்டுக்கீறாரு பாப்பா."

நீ ரீல் விடவில்லை. உருக்காலையில் ஷிப்ட் முடிந்து நேராக ஹாலுக்குப் போய், மடியில் டேப் ரிக்கார்டரும் அதன் மேல் காலி டப்பாவுமாக உட்கார்ந்தாய். பதினோராவது நிமிடத்தில் ஆர்கனின் அடிக்குரல் எழுந்ததும் நெளிந்த மூடி நடுங்கியது. அவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "பாவம்டி, இத்தினி வருசமா கும்புட்டுக்குனு கீறானுங்க" என்றாய். இந்த விஷயத்தில் எனக்கு உன் மேலும் கோபம்தான்.

ஆனால் என்னை உண்மையில் எரித்தது வேறு. செவ்வாப்பேட்டை மாமா பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். எடுத்தவுடன் ஆர்கன் வந்தது. நான் காத்திருந்தது வரவில்லை. கேசட்டின் தொடக்கத்தில் நீ இருமுவாய். பிறகு, "ஏய், மெதுவா பேசுங்கடா, ரிக்கார்டு ஆவுது" என்பாய். கல்யாணத்துக்கு முந்திய உன் குரல் வேறெங்கும் கிடையாது. உலைப் புகையில் வந்த அந்த இருமல்தான் கடைசியில் உன்னைக் கொண்டுபோனது.

"இருமல் எங்க மாமா?"

"அது நாய்சு பாப்பா. கட் பண்ணிட்டேன்."

நான் உள்ளே போய் உன் டேப் ரிக்கார்டரையும் டப்பாவையும் கொண்டுவந்தேன். கேசட்டைப் போட்டுச் சத்தத்தை முழுதாக வைத்து, அதன் மேல் டப்பாவை வைத்தேன். பதினோராவது நிமிடம். ஆர்கன் அடிக்குரலுக்கு இறங்கியது. கேசட்டுக்குள் ஒரு டிங்... டிடிங், எங்கள் கண்ணெதிரே இன்னொரு டிங்... டிடிங். அடுக்களை வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை.

செவ்வாப்பேட்டை மாமா டப்பாவைக் கையில் எடுத்து மூடியின் நெளிவைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி, டப்பான்னே வெச்சிக்கலாம். ஆனா வெளிய சொல்லாத பாப்பா. கேக்கறவங்க மனசு ஒடஞ்சிடும்."

இதைக் கேட்டாயா நைனா? உன் டப்பாவை மேதை என்று கும்பிடுவார்களாம். உன்னை இரைச்சல் என்று வெட்டி எறிவார்களாம். யாரோ முகம் தெரியாதவர்களின் மனசு உடையக்கூடாதாம். அங்கே நின்றுகொண்டிருந்த அம்மாவுக்கும் எனக்கும் மனசு கிடையாதா? "டப்பாவ வெச்சிக்கினு ஆள வெட்டிட்டீங்களே மாமா" என்று கத்திவிட்டேன். பெரியவர்களிடம் அப்படிப் பேசியதற்கு அம்மா திட்டினாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இதுவரை கேட்கவில்லை.

அவருடைய பதிவு அப்படியேதான் இருக்கிறது. கீழே தினமும் யாராவது டிரம்மரைப் புகழ்கிறார்கள். அதனால் நானும் கேசட் முழுவதையும் பதிவு செய்து, ஒரு நொடிகூட வெட்டாமல் போட்டேன். 'பதினோராவது நிமிடத்தில் கேட்பது என் நைனாவின் டிபன் டப்பா' என்று தலைப்பிலேயே எழுதினேன். இதுவரை கேட்டவர்கள் மூன்றே பேர்: நான், அம்மா, அத்திப்பட்டு மாமா. அவர் கீழே உனக்கு ஒரு வரி எழுதியிருந்தார்: "இப்பதான்டா நீ வந்த."

நாளை காலையும் இதே டப்பாவில்தான் சோறு கொண்டுபோவேன். ரயில் ஆடும், மூடி நடுங்கும், தோழி முறைப்பாள். அம்மா நேற்றே புது டப்பா வாங்கித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன்.