நேராகுமுன் ஒரு சிரிப்பு

என்னங்க,
கஞ்சி அடுப்பின்மேல் இருக்கிறது. ஆறவைத்துக் குடியுங்கள், நேற்று கம்பி இறுக்கிய பல்லுக்கு மெல்லும் வேலை வேண்டாம். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

அந்தப் பல் டாக்டரம்மா, "கம்பி மெதுவா இழுக்க இழுக்க, ஒரு பக்கம் எலும்பு கரைஞ்சு பல்லுக்கு வழிவிடும், மறுபக்கம் புதுசா வளரும். அவசரப்பட்டா பல்லு ஆடிடும்" என்றார். அதற்கு நீங்கள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தீர்கள். கல்யாணப் போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்ட மனுஷன். எனக்கு வயிறு எரிந்தது. வழியெல்லாம் நான் பேசாமல் வந்தது தலைவலியால் இல்லை.

பி.கு.: கோணல் பல்லோடுதான் உங்களை எனக்குப் பிடித்தது. அது நேராவதற்குள் ஒரு தடவை என்னிடமும் அப்படிச் சிரியுங்கள்.