வேலையை விட்டு விற்கப் போனவள்

சித்திரங்கோடு
18.6.2011

அன்பு மகன் ஜெரிஷுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. கர்த்தர் இம்மட்டும் எங்களைச் சுகமாக நடத்தியிருக்கிறார், அங்கே உன்னையும் வெயிலுக்கும் மணல் காற்றுக்கும் விலக்கிக் காப்பாராக. இங்கே இடவப்பாதி மழை விடாமல் பிடித்துக்கொண்டது, ரப்பர் வெட்டு இல்லாமல் அப்பா நாள் முழுதும் வீட்டிலேயே இருக்கிறார், அதனால் போனில் உன்னிடம் எதையும் மனம்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஞானபாய் அக்கா மகன் திங்கட்கிழமை தோஹாவுக்கு வருகிறான், அவன் கையில் கொடுக்கும் ஏத்தங்காய் சிப்ஸ் பொதிக்குள் இதை வைக்கிறேன். விஷயம் என்னவென்றால் உன் தங்கை ஜெஸ்பின் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டாள். பயப்படாதே, யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, ஆனால் போகச் சொல்லவில்லை என்று அடித்துச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உனக்காவது புரிகிறதா பார்.

போன வருஷம் அவளுடைய ஆஸ்பத்திரியில் ராஜமணி என்ற பெயரில் இரண்டு பெண்கள் ஒரே சமயத்தில் படுத்திருந்தார்கள். ஒருத்திக்கு ஒரு ஊசி ஒத்துக்கொள்ளாது, அது அவளுடைய பழைய சீட்டில் எழுதியிருந்தது, அந்தச் சீட்டு மற்றவள் கட்டிலுக்குப் போய்விட்டது. ஊசி போட்டதும் மூச்சு முட்டி உடம்பெல்லாம் தடித்து, அந்தப் பெண் பிழைத்தது தெய்வச் செயல். ரெக்கார்டு அறையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தது நம் ஜெஸ்பின். பெயர் சரிதான், ஆள் மாறிப்போனது. அவளை யாரும் குற்றம் சொல்லவில்லை, ஆனாலும் அவளுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அதன் பிறகுதான் நீ வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி விட்டு வந்தால் அதே வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தாலும் அதே வேலை, கண்ணின் கீழே கறுத்துப்போனது. கடைசியில் புரோகிராம் என்று ஒன்று செய்தாள். பெயரைத் தட்டினால் அது ஊரையும் வீட்டுப்பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்டுச் சரியான ஆளைக் காட்டும், ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் சிவப்பாக எழுதி நிற்கும். ஆஸ்பத்திரியில் சும்மா போட்டுப் பார்க்கக் கொடுத்தாள், ஆறு மாதத்தில் டாக்டர்மாருக்கு அது இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது.

அப்புறம்தான் இவள் மேனேஜர் சத்தியநேசனிடம் போய், இதை ஆஸ்பத்திரி விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அவரை உனக்குத் தெரியும், நம் சபை மூப்பர், இவளுக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான். அவர் கோபப்படவில்லையாம், வேதனைப்பட்டாராம். "ஏட்டி மக்கா, நீ நம்ம புள்ளயில்லியா, நம்மகிட்டயே விலை பேசுதியா" என்று கேட்டாராம். அதைக் கேட்டு அப்பா குதித்த குதியை நீ பார்த்திருக்க வேண்டும். "வேலை வாங்கித் தந்த மனுசனுக்க மொகத்தில நான் இனி எப்பிடி முழிப்பேன், சும்மா குடுத்திட்டு வாட்டி" என்றார். இவளோ நின்ற இடத்தில் நின்று, "அவிய சம்பளம் தாறது சீட்டு எடுத்துக் குடுக்கதுக்கு, இது எனக்க வீட்டில எனக்க உறக்கத்தைக் களைஞ்சு செய்தது" என்கிறாள். அப்பா பேசும்போது அப்பா சொல்வது சரியாக இருக்கிறது, இவள் பேசும்போது இவள் சொல்வது சரியாக இருக்கிறது, நான் நடுவில் கிழங்கு உரித்துக்கொண்டு இருந்தேன். இன்னொன்றும் எனக்குப் பிடிபடவில்லை. நான் கோழியை விற்றால் கூடு காலியாகும். இவள் இதை விற்ற பிறகும் அது இவளிடமே இருக்குமாம், வேறு ஆஸ்பத்திரிக்கும் விற்கலாமாம். அப்படியானால் இவர்கள் காசு கொடுத்து வாங்குவது எதை என்று கேட்டேன், சிரித்தாளே தவிர எனக்கு விளங்கும்படி சொல்லவில்லை.

பிறகு கமிட்டி கூடியது. டாக்டர்மார் எல்லாம் வாங்கத்தான் வேண்டும் என்றார்கள், ஆனால் ஒரு சட்டம் குறுக்கே வந்தது. சம்பளம் வாங்குகிற ஆளிடம் ஆஸ்பத்திரி எதையும் விலைக்கு வாங்கக் கூடாதாம், பஞ்சும் பினாயிலும்கூட. முன்பு யாரோ உள்ளே இருந்துகொண்டே தன் சாமானை விற்றுக் கொள்ளையடித்ததால் போட்ட சட்டம், அதையும் தப்பென்று சொல்ல முடியுமா? ஆகவே இவள் வேலையில் இருந்தால் சும்மா கொடுக்க வேண்டும், விற்பதானால் வேலையை விட வேண்டும். வேலையை விட்ட பிறகு அவர்கள் வாங்குவார்களா என்பதற்கு யாரும் எழுத்தில் எதுவும் தரவில்லை. இவள் ஒரு இரவு யோசித்தாள், காலையில் ராஜினாமா எழுதிவிட்டாள். வாங்கும்வரை அதை நிறுத்தி வை, அப்போது ஓடி வருவார்கள் என்று அவளுடைய சிநேகிதி லிஜா சொல்லிக்கொடுத்தாள், நிறுத்த இவளால் முடியுமாம். நானும் அதுதானே புத்தி என்று நினைத்தேன். "உள்ள படுத்துக் கிடக்குதவிய என்ன பாவம் செய்தாவ அம்மா" என்று என்னைக் கேட்டாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை பிரஷர் மாத்திரைக்கு நான் அங்கே போனேன். மேனேஜர் அறை வாசலில் பெட்டியும் டையுமாக மருந்து கம்பெனிக்காரப் பையன்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் ஓரமாக ஜெஸ்பின் இருந்தாள். நாலு வருஷம் கதவைத் தட்டாமல் உள்ளே போய் வந்தவள், கூப்பிடும்வரை காத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்காரலாமா, தெரியாதவள்போல் கடந்து போகலாமா என்று யோசித்து நின்றேன். போய் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை, மடியில் இருந்த பையைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தாள். கூப்பிட்டார்கள், போனாள், வெகுநேரம் கழித்து வந்தாள். வாங்கிக்கொண்டார்கள் மக்கா, இவள் சொன்ன விலைக்கே கையெழுத்துப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். என்னட்டி, ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். இல்லை அம்மா, சத்தியநேசன் மாமா எழுந்து நின்று "வாருங்க, உக்காருங்க" என்றார் என்கிறாள். மரியாதை கொடுத்ததற்கு ஒரு பிள்ளை அழுமா? விற்றதற்குச் சந்தோஷப்படுவதா, அழுகிறவளைத் தேற்றுவதா என்று தெரியாமல் நான் சாளை மீன் குழம்பைச் சூடாக்கிச் சோறு போட்டேன். சாப்பிட்டாள்.

வருகிற சனிக்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணுக்கு எங்கே வேலை என்றுதான் முதலில் கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று நீ யோசித்துச் சொல். அவளிடம் கேட்டால் "உள்ளதைச் சொல்லுங்க" என்கிறாள், உள்ளது என்னவென்று தெரிந்தால் நான் ஏன் உனக்கு இவ்வளவு நீளம் எழுதுகிறேன்? அப்பா இன்னும் அவளிடம் நேரே பேசுவதில்லை, தண்ணீர் வேண்டுமானாலும் என்னிடம்தான் கேட்கிறார். நீ வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது முதலில் அவளிடம் பேசு, பிறகு அப்பாவிடம் பேசு, நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. ஏசியை நேரே தலைக்கு வைத்துப் படுக்காதே, சிப்ஸை அறையில் உள்ள பிள்ளைகளுக்கும் கொடு. உன்னை அழைத்துக்கொண்டு போன தேவன் உன் போக்கையும் வரத்தையும் காத்து, எங்கள் கண் காணக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
செ. பூங்கனி